கறுப்பினப் பெண்ணுக்கான காஸ்ப்ளே: முடி, ஒப்பனை, உடை, ஓவியம்

கதை, காமிக்ஸ், திரைப்படப் பாத்திரங்களைப்போல உடுத்தி ஒப்பனை செய்துகொள்ளும் காஸ்ப்ளேயைக் கற்றுத்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, அணிபவரின் தோல் வெளிர் நிறமாகவும் முடி நேராகவும் இருக்கும் என்பதைச் சொல்லாமலே அடிப்படையாக வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்காவில் வாழும் ஓர் இளம் கறுப்பினப் பெண் அவற்றை வரி பிசகாமல் பின்பற்றினால், விக் உச்சந்தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். ‘ஸ்கின் கலர்’ என்ற பெயரில் விற்கப்படும் வலைத்துணி, கழுத்துக்குக் கீழே இருப்பது வேறு யாருடைய உடம்போ என்று எண்ண வைக்கும். முகத்தில் போட்ட பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். ஆகவே இந்தக் கட்டுரையில் வரிசையை மாற்றி வைத்திருக்கிறேன். தோலும் முடியும்தான் அவள் கையில் முதலில் இருக்கும் பொருள்கள். பாத்திரத்தை அவற்றின்மேல் கட்டி எழுப்புவதே வேலை. அவளுக்காகத் தைப்பவர்களும், அவளைப் படமெடுப்பவர்களும், வரைபவர்களும் இதே வரிசையில் யோசிக்கலாம்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

தன் நிறத்துப் பாத்திரங்களை மட்டுமே ஏற்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. இருந்தும் அந்த விதி இருப்பதைப்போல நடந்துகொள்பவர்கள் உண்டு. ஜப்பானிய ‘சேலர் மூன்’ தொடரில் வரும், பொன்னிற முடி கொண்ட சேலர் வீனஸாக உடுத்திய சாக்கா கம்பர்பாட்ச் என்ற கறுப்பினப் பெண், தன் படங்களுக்கு வந்த இனவெறிப் பேச்சைப் பற்றி 2013இல் வெளிப்படையாக எழுதினார். அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படும் பிப்ரவரியில், நாளுக்கொரு கறுப்பினக் காஸ்ப்ளேயரை முன்னிறுத்தும் ‘28 டேஸ் ஆஃப் பிளாக் காஸ்ப்ளே’ என்ற ஹேஷ்டேக்கை 2015இல் தொடங்கியவரும் அவர்தான். தொடக்க நிலையில் இருப்பவள் அந்த ஹேஷ்டேக்கின் கீழுள்ள படங்களைப் பொறுமையாகப் பார்ப்பது, பத்து வழிகாட்டிகளைப் படிப்பதைவிடப் பயன் தரும். ஒரே பாத்திரத்தை வெவ்வேறு நிறமும் உடல்வாகும் கொண்டவர்கள் எப்படித் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

தேர்வுக்கு இரண்டு வழிகள் உள்ளன. 1966இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் உஹுரா, 1975இல் ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸில் அறிமுகமான ஸ்டார்ம் போன்ற கறுப்பினப் பாத்திரங்களை எடுப்பது ஒன்று. இதில் நிறம் பற்றிய கேள்வியே எழாது என்பதால் முழுக் கவனத்தையும் கைவேலையில் செலுத்தலாம். பிடித்த எந்தப் பாத்திரத்தையும் எடுப்பது மற்றொன்று. அப்போது பார்ப்பவர் பாத்திரத்தை எதை வைத்து அடையாளம் காண்கிறார் என்பதை முன்கூட்டியே சோதித்துவிட வேண்டும். பாத்திரத்தின் முழுஉருவப் படத்தை எடுத்து, உள்ளே எல்லாவற்றையும் கறுப்பு மையால் நிரப்பி, வெளிக்கோட்டை மட்டும் விட்டுப் பாருங்கள். இரட்டைக் கொண்டை, அகன்ற தோள்பட்டை, வளைந்த கோல், இடுப்புக்குப் பின்னால் பெரிய முடிச்சு என்று எவை மிஞ்சுகின்றனவோ அவைதான் அந்தப் பாத்திரம். நேரமும் பணமும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். இந்தச் சோதனையில் தோலின் நிறம் ஒரு தடவைகூட அடையாளமாக மிஞ்சுவதில்லை என்பதைக் கவனிக்கலாம்.

பாத்திரத்தோடு தன் மரபையும் சேர்த்துக் காட்ட விரும்பினால், அலங்காரத்துக்காக மேலே ஒட்டுவதைவிட வடிவத்துக்குள்ளேயே கொண்டுவருவது நல்லது. ஆடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர் 2018இல் வெளிவந்த ‘பிளாக் பேந்தர்’ படத்துக்குச் செய்த வேலை இதற்குச் சரியான பாடம். ஜூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் ‘இசிகோலோ’ என்ற அகன்ற தொப்பியின் வடிவத்தை எடுத்து, முப்பரிமாண அச்சில் வார்த்து, அரசியின் மகுடமாக்கினார். அந்தப் படத்துக்காக 2019இல் ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணும் ஆனார். மரபின் வடிவம் அப்படியே இருக்கிறது, பொருளும் இடமும் மாறியிருக்கின்றன. பின்பற்ற வேண்டியது இந்த முறையைத்தான். கானா நாட்டின் கென்டே நெசவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயரும் பொருளும் உண்டு என்பதால், கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் துண்டு போடாமல், எடுக்கும் வடிவம் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவதே மரியாதை. தன் குடும்பம் கரீபியத் தீவுகளிலிருந்து வந்திருந்தால் கென்டேயைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. பாட்டி கட்டிய தலைத்துணியின் முடிச்சே போதுமான அடையாளம்.

விக்குக்கு அடியில் இருக்கும் முடி

இந்த வேலையில் அதிகம் கெட்டுப்போவது முடிதான், ஆகவே இதை அவசரமில்லாமல் பார்ப்போம். சுருள் முடிக்கு மேல் விக் தட்டையாக அமர வேண்டுமானால், முடியைத் தலையோடு ஒட்டிய சிறு பின்னல்களாக, அதாவது கார்ன்ரோவாக, நெற்றியிலிருந்து பிடரியை நோக்கிப் பின்னிக்கொள்ள வேண்டும். பின்னல்களின் நுனிகளை ஒரே இடத்தில் கொண்டையாகச் சேர்த்தால் அங்கே ஒரு மேடு எழும்; நுனிகளைக் கிடைமட்டமாகப் பரப்பி, மழுங்கிய ஊசியால் பின்னல்களோடு சேர்த்துத் தைத்துவிட்டால் மேடு தெரியாது. கார்ன்ரோ பின்ன வராதவர்கள் இரு பிரிகளை முறுக்கித் தலையோடு ஒட்டவைக்கும் முறையைக் கையாளலாம். அது சற்று மொத்தமாக இருந்தாலும் விக் தாங்கும். எந்த முறையானாலும் முடி முழுக்க உலர்ந்த பிறகே பின்ன வேண்டும். ஈரத்தோடு பின்னி, மேலே தொப்பியும் விக்கும் போட்டு நாள் முழுக்கக் கூட்டத்தில் நின்றால், மாலையில் அவிழ்க்கும்போது வரும் நாற்றமே நடந்ததைச் சொல்லிவிடும்.

நெற்றி ஓரத்தில் இருக்கும் மெல்லிய முடி மிகவும் எளிதில் உதிரக்கூடியது. இறுகிய பின்னலும் பசையும் தொடர்ந்து இழுத்தால் அந்த இடத்தில் முடி வேரோடு போய்விடும். இழுவையால் வரும் இந்த வழுக்கையை நாள்பட விட்டால் முடி திரும்ப முளைக்காமலும் போகலாம். ஆகவே பசைக்குப் பதிலாக வெல்வெட் பட்டையை நெற்றியைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் விக்கை அணிவதே என் பரிந்துரை. வெல்வெட்டின் உராய்வு விக்கைப் பிடித்துக்கொள்ளும், முடியின்மேல் பாரம் இறங்காது. ஓடும் காட்சி, சண்டைக் காட்சி என்று படம் எடுக்கப் போகிறவர்கள் மட்டும் காதோரத்தில் இரண்டு இடங்களில் பசை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பசை தோலில்தான் படவேண்டும், முடியில் படக்கூடாது.

விக்கின் முன்பக்க ஓரத்தில் முடியைக் கோத்திருக்கும் மெல்லிய வலையான லேஸ் பற்றி யாரும் முன்னதாகச் சொல்வதில்லை. பல விக்குகளில் அந்த வலை வெளிர் பழுப்பாக வரும். கருந்தோலின்மேல் அது நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரி போலப் பளிச்சென்று தெரியும். விக்கை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, தன் நிறத்து ஃபவுண்டேஷன் பவுடரை உலர்ந்த பிரஷ்ஷால் அந்த வலையில் தேய்த்துவிட்டு, அணிந்த பிறகு வெயிலில் நின்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பின்னல்கள் தலையின் சுற்றளவைக் கூட்டும் என்பதால், பின்னிய பிறகு அளவெடுத்து, பெரிய அளவு விக்கையே வாங்குவது நல்லது. விக்கைச் சூடாக்கிச் சுருட்டும் முன், அது வெப்பம் தாங்கும் இழையா என்று பார்த்து, பிடரிப் பக்கத்திலிருந்து ஓர் இழையை எடுத்துச் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

விக்கே இல்லாமல், சொந்த முடியையே பாத்திரத்தின் முடியாக்குவதும் ஒரு வழி. பலரும் இதை இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள். எனக்கோ இதுதான் காஸ்ப்ளேயில் காணக்கூடிய மிக அழகான தீர்வாகத் தோன்றுகிறது. இரட்டைக் கொண்டைப் பாத்திரத்துக்கு சுருள் முடியைப் பந்துபோலத் திரட்டிய இரண்டு ஆஃப்ரோ பஃப்களை உச்சியில் கட்டி, அவற்றிலிருந்து நீண்ட பின்னல்களைத் தொங்கவிட்டால், வெளிக்கோடு அச்சாக அமைந்துவிடும். இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளி என்று எந்த நிறம் வேண்டுமானாலும் கனெகலான் செயற்கை இழையைச் சேர்த்து, தலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துப் பின்னும் பாக்ஸ் பின்னல் போட்டுக்கொள்ளலாம். நுனிகளை வெந்நீரில் முக்கியெடுத்தால் அவிழாமல் நிற்கும். ஒரு நாள் நிறத்துக்கு வண்ண மெழுகு போதும். அது கழுவினால் போய்விடும் என்பதால், முடியின் நிறத்தை வெளுக்கச் செய்யும் ரசாயனத்தின் பக்கமே போக வேண்டியதில்லை.

பாக்ஸ் பின்னல் போட்டு முடிக்கவே பல மணி நேரமாகும், வாரக்கணக்கில் தலையில் இருக்கும், எனவே வேலைக்கோ பள்ளிக்கோ அதோடுதான் போக வேண்டியிருக்கும். முடியின் இயல்பையும், பின்னல், லாக்ஸ் என்ற திரித்த சடைகள் போன்ற அலங்காரங்களையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் ‘கிரவுன்’ சட்டத்தை 2019இல் முதன்முதலாகக் கலிஃபோர்னியா இயற்றியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன, ஆனால் எல்லா மாநிலங்களும் அல்ல. அந்தச் சட்டம் பேசுவது முடியின் இயல்பையும் பின்னல் முறையையும்தான். பச்சை நிறப் பின்னலுக்கு அது துணை வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

முகமும் உடம்பும்

தோலை வெளுப்பாகக் காட்ட வேண்டிய பாத்திரம் என்று எதுவும் கிடையாது. அதேபோல, கறுப்பினப் பாத்திரத்தை ஏற்க வேறு இனத்தவர் தோலைக் கறுப்பாகப் பூசிக்கொள்வதும் கூடாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே அது பார்க்கப்படும்.

ஃபவுண்டேஷன் வாங்கும்போது நிறத்தின் ஆழத்தோடு அடிநிறத்தையும், அதாவது தோலுக்கு அடியில் தெரிவது மஞ்சள் சாயலா, சிவப்புச் சாயலா, நீலச் சாயலா என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனை நிறுவனம் 40 நிறங்களோடு சந்தைக்கு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் நிற வரிசையை நீட்டியதால், இந்தத் தேடல் முன்பிருந்ததைவிட எளிதாகியிருக்கிறது. முகத்தையும் கழுத்தையும் மார்பையும் ஒருசேரப் பகல் வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மூன்றும் ஒரே நிறமாக இருப்பது அரிது.

வெளிர் நிற ஐஷாடோ கருந்தோலில் நேரடியாகப் போட்டால் சுண்ணாம்புபோலத் திட்டாகும். முதலில் பிரைமர் என்ற வெண்மையான அடிப்பூச்சையோ கிரீம் பென்சிலையோ இமையில் மெல்லிய படலமாகப் பூசி, அது ஈரம் காயும் முன் நிறத்தைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்தால், நிறம் டப்பாவில் இருப்பதைப்போலவே எழும். அனிமே என்ற ஜப்பானிய அசைபடப் பாத்திரங்களின் கண்களுக்காக வரையும் கறுப்புக் கோடு கருந்தோலில் சில அடி தள்ளி நின்று பார்க்கும்போதே மறைந்துவிடுகிறது. கோட்டின் வெளிப்புறத்தில் தங்கம், வெள்ளை அல்லது வெளிர் செம்பு நிறத்தில் மெல்லிய இணைகோடு போட்டால் தூரத்திலும் தெரியும். கன்னத்துக்கு இளம் ரோஜா நிறத்தைவிடச் செங்கல் நிறமும் கருநாவல் நிறமும் பொருந்தும். நிறமற்றது என்று விற்கப்படும் பவுடர்களில் உள்ள சிலிக்கா, ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பியடித்து முகத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே பழுப்புச் சாயல் கொண்ட பவுடரையே பயன்படுத்தி, வீட்டிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வண்ணக் காண்டாக்ட் லென்ஸ் போட நினைப்பவர்கள் கண் மருத்துவரின் சீட்டோடுதான் வாங்க வேண்டும். பார்வைக் குறை இல்லாதவர்களுக்கும் அமெரிக்கச் சட்டம் இதையே கோருகிறது.

தோல் நிறத் துணி தேவைப்படும் உடைகளில், வாங்கிய துணிக்குச் சாயம் ஏற்றுவதுதான் கடைசியில் கைகொடுக்கும். நைலான் வலைத்துணி, கொதிக்கவைத்த தேயிலைச் சாற்றிலோ காப்பியிலோ நன்றாக நிறம் பிடிக்கும். பாலியெஸ்டர் பிடிக்காது, அதற்குத் தனிச் சாயம் உண்டு. ஈரத்தில் துணி கூடுதல் கருமையாகத் தெரியும் என்பதால், சிறு துண்டைச் சாயமேற்றி, உலர்த்தி, உடம்பில் எந்த இடத்தில் வரப்போகிறதோ அந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹார்லெம் நடனக் குழுவின் பாலே கலைஞர்கள் 1970களிலிருந்தே தம் காலுறைகளுக்குச் சாயமேற்றி, காலணிகளின்மேல் தம் நிறத்து ஃபவுண்டேஷனையே பூசி ஆடிவருகிறார்கள். அந்தப் பூச்சு முறை காஸ்ப்ளேயில் தோள்வார், காலணி வார் போன்ற சிறு பொருள்களுக்கு அப்படியே உதவும்.

கவசமும் கருவிகளும்

கவசம் செய்யும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். உடம்பின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, வெட்டுக்கோடுகளை வரைந்து, கழற்றிப் பிரித்தால் வார்ப்பு கிடைத்துவிடும். அதை ஈ.வி.ஏ. ஃபோம் என்ற நுரைத்தாளில் வரைந்து வெட்டி, காண்டாக்ட் சிமெண்ட் என்ற பசையை இரு ஓரங்களிலும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். ஹீட் கன்னால் மேற்பரப்பைச் சூடேற்றி மூடிய பின் பிரைமரும் வண்ணமும் அடிக்கலாம். சிமெண்டின் ஆவிக்கும் ஃபோம் தூளுக்கும் ஏற்ற முகக்கவசம் இல்லாமல் இதில் எதையும் செய்யக்கூடாது. கருந்தோலுக்கு அருகில் வரும் உலோக நிறங்களில் குளிர்ந்த வெள்ளியைவிடச் செம்பும் பழைய தங்கமும் எடுப்பாக இருக்கும் என்பது என் ரசனை. வெண்முடி கொண்ட ஸ்டார்மாக உடுத்துபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

பொம்மைத் துப்பாக்கி, வாள் விஷயத்தில் கறுப்பினப் பெண்ணுக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. 2014 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தில், அலங்கார வாளோடு நடந்துபோன 22 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். காஸ்ப்ளே கூடல் நடக்கும் அரங்கத்துக்குப் போகும் வழியில் ஆயுத வடிவப் பொருள்கள் மூடிய பையில் இருக்க வேண்டும். கூடுமானவரை தனியாகப் போகக்கூடாது. துப்பாக்கி முனையில் சட்டம் கோரும் ஆரஞ்சு நிற முனையைப் படத்துக்காகக்கூட மறைக்கக்கூடாது.

படம் எடுத்தல்

20ஆம் நூற்றாண்டில் நிழற்படக் கூடங்கள் வெள்ளைப் பெண்ணொருத்தியின் படம் அச்சிட்ட ‘ஷெர்லி’ அட்டையை வைத்தே நிறங்களைச் சரிபார்த்தன. கருந்தோல் படத்தில் சரியாக வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய கேமராவிலும் தானியங்கி ஒளியளவை நடுத்தரச் சாம்பலை இலக்காகக் கொண்டே கணக்கிடுகிறது. சட்டகத்தில் கருமுகம் நிறைந்திருந்தால் அது ஒளியைக் கூட்டி முகத்தை வெளிறச் செய்யும். பின்னால் பிரகாசமான ஜன்னல் இருந்தால் ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். ஆகவே முகத்தின்மேல் அளந்து, அருகிலெடுக்கும் படங்களுக்கு ஒளியைச் சற்றுக் குறைத்தும், வெளிச்சமான பின்னணிக்குக் கூட்டியும் எடுக்க வேண்டும். நேர் எதிரே அடிக்கும் ஃபிளாஷைவிடப் பக்கவாட்டிலிருந்து வரும் அகன்ற, மென்மையான ஒளி கன்னத்திலும் தோளிலும் வழுக்கிச் சென்று வடிவத்தைக் காட்டும். கை, கால், தோள்களில் எண்ணெயோ லோஷனோ தடவிக்கொண்டு நிற்பது இதற்குப் பாதி வேலையைச் செய்துவிடும். தோலை ‘பிரகாசமாக்கும்’ செயலி வடிகட்டிகளை அணைத்து வைத்துவிடுங்கள்.

தன்னை வரைதல்

உடை தைப்பதற்கு முன்னும் பின்னும் ஓவியம் உதவும். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கார்ட்டூனிஸ்டாக அறியப்படும் ஜாக்கி ஓர்ம்ஸ், 1937இல் பிட்ஸ்பர்க் கூரியர் வார ஏட்டில் டார்ச்சி பிரவுன் என்ற பாத்திரத்தைத் தொடங்கினார். 1950களில் அந்தப் பாத்திரத்துக்கு வெட்டி அணிவிக்கும் காகித உடைகளையும் சேர்த்தே வரைந்தார். அதே முறையில் தன் உருவத்தைத் தன் உடல்வாகோடும் சொந்த முடியோடும் ஒரு தாளில் வரைந்துகொண்டு, பாத்திரத்தின் உடையை வெவ்வேறு மாற்றங்களோடு தனித்தனித் தாள்களில் வரைந்து மேலே வைத்துப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் துணியை வெட்டிய பிறகு வருந்துவதைவிட இது மலிவு.

வண்ணம் தீட்டும்போது, பழுப்போடு கறுப்பைக் கலந்து நிழல் போடுவதுதான் பலரும் செய்வது; அதனால் தோல் சேறுபோலாகிவிடும். பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமெரின் நீலத்தையும் கலந்தால், விகிதத்துக்கேற்ப இளம்பழுப்பிலிருந்து ஏறக்குறைய கறுப்பு வரை உயிருள்ள நிறங்கள் கிடைக்கும். நிழலை ஊதாவுக்கோ நீலத்துக்கோ நகர்த்த வேண்டும். ஒளிபடும் இடத்தில் வெள்ளையைச் சேர்ப்பதற்குப் பதில், சுற்றியிருப்பது வானமானால் நீலத்தையும் விளக்கானால் ஆரஞ்சையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கருந்தோல் சூழலின் நிறத்தைத் தெளிவாகப் பிரதிபலிக்கும். உள்ளங்கையும் பாதமும் வெளிர்ந்திருப்பதையும், மேலுதடும் கீழுதடும் வேறு நிறமாக இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. டிஜிட்டலில் வரைபவர்கள் கீழுள்ள நிறத்தைக் கருமையாக்கும் சாம்பல் நிற மல்டிப்ளை அடுக்கை நிழலுக்குப் போடாமல், தன் படத்திலிருந்தே வெயில், நிழல், ஓரம் என மூன்று நான்கு நிறங்களை எடுத்து வண்ணத்தட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் மரபுகளும் வேறுபடும். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷல் தன் மனிதர்களை ஐவரி, மார்ஸ், கார்பன் என்ற மூன்று கறுப்புகளை வேறு நிறங்களோடு சேர்த்துக் கருங்கறுப்பாகவே தீட்டுகிறார். 2018இல் மிஷல் ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தை வரைந்த ஏமி ஷெரால்ட் தோலைச் சாம்பல் சாயல்களில் தீட்டி, உடையை மட்டும் முழு நிறத்தில் விடுகிறார். காஸ்ப்ளே உருவப்படத்துக்கு இந்த இரண்டாவது முறையை முயன்று பார்ப்பது நல்ல பயிற்சி. உடைதான் பேச வேண்டிய படத்தில், முகத்தை எப்படிப் பின்வாங்காமல் நிறுத்துவது என்பதை அது கற்றுத்தரும். முடியை ஒவ்வோர் இழையாக வரையாமல், முதலில் ஒட்டுமொத்தக் கருந்திரளாக வைத்து, ஒளி விழும் ஓரத்தில் மட்டும் சுருள்களை எழுதினால் போதும்.

அரங்கத்திலும் இணையத்திலும்

முதல் முறை போகிறவர்களுக்கு, வாஷிங்டன் அருகே 2017 முதல் நடந்துவரும் பிளெர்ட்கான் போன்ற, கறுப்பின ரசிகர்களை மையமாகக் கொண்ட கூடல்கள் இணக்கமாக இருக்கும். பெரிய கூடல்களுக்குப் போனால், அனுமதியின்றித் தொடுவதையும் படமெடுப்பதையும் பற்றி அங்கே என்ன விதி எழுதியிருக்கிறது என்பதை நுழையும் முன் படித்துவிட வேண்டும். ‘காஸ்ப்ளே என்பது சம்மதம் அல்ல’ என்ற அறிவிப்பை நியூயார்க் காமிக் கான் 2014இல் அரங்கமெங்கும் வைத்த பிறகு இவ்விதி பரவலாகியிருக்கிறது. கறுப்பினப் பெண்களிடம் முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதும், கேட்காமலே கை வைப்பதும் உடையோடு சேர்ந்து வரும் தொல்லை என்பதால், உடன்வரும் தோழி ஒருத்தி அருகில் நிற்பது நிம்மதி.

படத்தை வெளியிடும்போது தைத்தவர், படமெடுத்தவர், பின்னல் போட்டவர் ஆகியோரின் பெயர்களை அவர்களின் அனுமதியோடு சேர்க்க வேண்டும். பின்னல் போட்டவர்தான் வழக்கமாக விடுபடுகிறார். வசைச்சொற்களைத் தானாக மறைக்கும் வடிகட்டியில் அச்சொற்களைப் படம் ஏற்றுவதற்கு முன்பே பட்டியலிட்டு வைத்துக்கொள்ளலாம். ‘இந்தப் பாத்திரம் கறுப்பு இல்லையே’ என்று எழுதுபவருக்குப் பதில் எழுதுவதில் பயனில்லை, நீக்கிவிட்டுத் தடை செய்தால் போதும். லேஸுக்கு எந்தப் பவுடர் போட்டீர்கள், கொண்டைக்குள் என்ன வைத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு மட்டும், படத்தோடு விளக்கமாகப் பதில் எழுதுங்கள்.